கொடியும் கச்சானும்

கத்தோலிக்கக் கோவிலில் பெருநாள் 13ஆம் திகதி என்றால் கொடியேற்றம் 4ஆம் திகதி. முதல் பிழை இந்தக் கணக்கில்தான் வரும். 4ஆம் திகதி பின்னேரம் கொடியேறிய கையோடு முதலாம் நவநாளும் (பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் மன்றாட்டின் முதல் நாள்) நடக்க வேண்டும். கொடியை மட்டும் ஏற்றிவிட்டு மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்கினால், பெருநாளுக்கு முந்திய மாலை வழிபாடான வேஸ்பர் நாள், 12இல், எட்டு நாள்தான் தேறும். ஜூன் 13இல் பெருநாள் வரும் அந்தோனியாருக்குப் பதின்மூன்று நாள் செய்கிற கோவில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜூன் 1இலேயே தொடங்கிவிடுவார்கள்.

திருகோணமலையில் படித்தவர்களுக்குப் பெருநாள் திகதிகள் காற்றோடு சேர்ந்தே மனதில் நிற்கும். பாலையூற்று லூர்து மாதா பெப்ரவரி 11, மழை ஓய்கிற காலம். அதற்கான கொடிக் கணக்கு 2ஆம் திகதியில் விழும். அன்றுதான் மெழுகுதிரி மந்திரிக்கும் நாளும். அங்குள்ள ஒரு கல்லூரிக்குப் பெயர் தந்த சூசையப்பர் மார்ச் 19, தவக்காலம் (பாஸ்காவுக்கு முந்திய நோன்புக் காலம்). குவாடலூப்பே மாதா டிசம்பர் 12, வாடையும் மழையும். அந்தோனியாருக்கோ கச்சான் காற்று. (பெருநாளில் கோவில் வாசலில் வறுத்து விற்கும் நிலக்கடலையும் கச்சான், பந்தலைப் பிய்ப்பதும் கச்சான்.)

கச்சான் காற்று வறண்டது, விடாமல் வீசுவது. அது முதலில் கை வைப்பது கொடியில். துணியின் வெளி ஓரத்தை ஒற்றைத் தையலில் விட்டால் மூன்றாம் நாளே நார்நாராய்க் கிழியும். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். கொடியைச் சுருட்டி, உள்ளே பூவிதழ் வைத்து, இழுத்தால் அவிழும் சுருக்குப் போட்டு ஏற்றுவது அழகுதான். ஆனால் சுருக்கு இறுகினால் பாட்டு முடிந்த பிறகும் கொடி மூட்டையாகவே தொங்கும். முதல் நாளே ஒருதரம் ஏற்றி இறக்கிப் பார்ப்பவர்களுக்கு அந்த வெட்கம் வராது. கயிறும் காலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டிசம்பரில் பருத்திக் கயிறு நனைந்து ஊதிக் கப்பியில் இறுகிக்கொள்ளும். அப்போது நைலோன் நல்லது. ஆனால் நைலோன் வழுக்கும், ஒரு முடிச்சுப் போதாது.

குருத்தோலைச் சோடனையும் கச்சானில் அரை நாளில் சுருண்டுவிடும். ஓலையை அன்று காலையிலேயே வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, கடைசியில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மெழுகுதிரிக்குச் சிமினி வேண்டும். கடதாசிக் கூம்பு தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

பவனியில் சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டில் வரும் பிழைகள் வேறு. மரச் சுரூபம் இலேசு, பாரிஸ் சாந்துச் சுரூபம் பாரமும் பலவீனமும். சாந்துச் சுரூபம் வெடிப்பது கழுத்திலும் கணுக்காலிலும். ஆகவே கயிற்றைப் பீடத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும்; கழுத்தில் மாலை மட்டும். அந்தோனியாருக்குக் கையில் பாலன் இயேசு இருப்பதால் முன்பக்கம் பாரம் கூட, அவர் முன்னால் சாய்வார். தண்டு தூக்குகிறவர்களை உயரம் பார்த்துச் சோடி சேர்க்காவிட்டால், கூடு குள்ளமானவர் பக்கம் சாய்ந்துவிடும்.

வேஸ்பரில் நற்கருணைப் (கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பம்) பவனி, பெருநாளன்று சுரூபப் பவனி என்று பிரித்து வைப்பது வெறும் வழக்கமல்ல. நற்கருணை வரும் பவனியில் புனிதரின் சுரூபத்துக்கு இடமில்லை. தூபத்திலும் அதே வேறுபாடு: நற்கருணைக்கு மூன்று வீச்சு, புனிதரின் சுரூபத்துக்கு இரண்டு, அதுவும் பூசையின் தொடக்கத்தில் மட்டும். சிரட்டைக்கரியைக் கால் மணி நேரம் முன்பே மூட்டி, மேலே சாம்பல் பூத்த பிறகே தூபக்கலசத்தில் இட வேண்டும். சாம்பிராணி பயறளவு கட்டிகளாக இருக்கட்டும். தூளை அள்ளிக் கொட்டினால் கரி மூச்சு முட்டி அணைந்துபோகும்.

அந்தோனியாருக்கு உரிய நாள் செவ்வாய்க்கிழமை ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் நடந்தது அடுத்த செவ்வாய். ஓராண்டு நிறையுமுன்பே, 1232 மே 30இல், புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பெயரால் பகிரும் பணிஸை (சிறு பாண்) சூட்டோடு பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டுக் கட்ட வேண்டும்.

சூசையப்பர் நாளுக்குத் தனிச் சட்டம். தவக்காலமானாலும் அன்று ‘உன்னதங்களிலே’ கீதம் பாடலாம், பீடத்தில் பூவும் வைக்கலாம். அல்லேலூயா மட்டும் கிடையாது. பாடகர் குழு மறந்து பாடிவிடுவது இதைத்தான். 19ஆம் திகதி தவக்கால ஞாயிறில் விழுந்தால் திங்களுக்குத் தள்ளும், 2023இல் 20ஆம் திகதி ஆனதுபோல. பாஸ்காவுக்கு முந்திய பரிசுத்த வாரத்தில் விழுந்தால் முன்னே இழுக்கும்: 2008இல் மார்ச் 15.

புலம்பெயர்ந்த ஊர்களில் மண்டப வசதிக்காகப் பெருநாளைச் சனி பின்னேரத்துக்கு மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சனி பின்னேரப் பூசை ஞாயிறுக்கு உரியது. அந்தோனியார் பாதுகாவலராக உள்ள கோவிலில் அவர் நாள் பெருவிழா. அதனால் பொதுக்காலத்தில் (தவக்காலம், பாஸ்காக் காலம் போன்றவை அல்லாத நாட்களில்) அதை ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாட இடமுண்டு. வேறு பாதுகாவலர் உள்ள இரவல் கோவிலில் அது தரத்தில் குறைந்த நினைவு நாள்தான், ஞாயிறை மேவாது. ஞாயிறின் பூசையை வைத்துவிட்டு, நவநாள் மன்றாட்டையும் பவனியையும் பின்னால் சேர்த்துக்கொள்வதே ஒழுங்கு. ரொறன்ரோவில் கச்சான் இல்லை, ஆனால் கூரையில் புகை உணர்கருவி இருக்கிறது. தூபம் போடுமுன் கட்டடப் பொறுப்பாளரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

கொடியிறக்கத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் குறைவு. வேலை அதில்தான் மிச்சம். கப்பிக்கு எண்ணெய் விட்டு, கயிற்றை வளையமாய்ச் சுற்றி எடுக்க வேண்டும். டிசம்பர்க் கொடியை ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் அடுத்த வருடம் மாதாவின் முகத்தில் கரும்புள்ளி இருக்கும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, படம் உட்புறம் வராமல் சுருட்டி வைக்க வேண்டும், மடிக்கக் கூடாது.