ஆயில் லைட் எரிஞ்சா முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க

"போய்ச் சேர்ந்துட்டுப் பார்த்துக்கலாம்"னு தயவுசெஞ்சு ஓட்டாதீங்க. கிராங்க் பேரிங்குக்கு (இன்ஜின்ல சுத்துற தண்டைத் தாங்குற பாகம்) உயிரே அந்த மெல்லிசான ஆயில் படலம்தான்.

வண்டியை நேரா நிறுத்தி ஆயில் லெவல் பாருங்க. ஆயிலை மோந்தும் பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சா நீர்த்துப்போச்சு, மாத்தணும். லெவல் சரியா இருந்தா உடனே ஆயில் பம்ப்பைக் கழட்ட வேண்டாம். ஆயில் அழுத்தம் குறைஞ்சா லைட்டைப் போடுறது பிரஷர் சுவிட்ச்; அது கெட்டுப்போனாலும் லைட் எரியும். சுவிட்சைக் கழட்டி, அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் (அழுத்தத்தைக் காட்டுற மீட்டர்) மாட்டுங்க. இன்ஜின் நல்லா சூடானப்புறம் அழுத்தத்தை அளந்து, மேனுவல்ல போட்டிருக்கிற அளவோட ஒப்பிடுங்க. மேனுவல்ல சொன்ன அதே ஆர்பிஎம்ல (இன்ஜின் சுத்துற வேகம்) பார்க்கணும், அது முக்கியம்.

அழுத்தம் நிஜமாவே குறைவுன்னா முதல்ல ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டுற சல்லடை) அடைப்பு, திறந்தபடி சிக்கின ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தை வெளியேத்துற வால்வு), இதையெல்லாம் பாருங்க; அப்புறம்தான் பம்ப். கெட்டி ஆயில் ஊத்தி லைட்டை அணைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வடிச்ச ஆயில்ல பளபளன்னு உலோகத் தூள் மின்னுச்சுன்னா, இன்ஜினைப் பிரிச்சு பேரிங்கைப் பார்த்தே ஆகணும்.