பதக்கத்தின் விளிம்பில்

"பட்டாளத்துக்குப் போனார், பஸ்ராவிலிருந்து திரும்பவில்லை." முதல் உலகப்போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியது இந்த ஒரு வரியும் ஒரு வெள்ளிப் பதக்கமும்தான். பதக்கத்தின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள். ரிப்பன் கோக்கும் கொக்கியை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள், வெள்ளிக்காகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு மாதம் வீண். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பணிக் கோப்புகளைத் துழாவினேன். 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் அவற்றில் பெரும்பகுதி எரிந்துபோனதை அறிந்து வருத்தமும் பட்டுக்கொண்டேன். எரிந்தவை பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகள் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. இந்தியப் படையின் கடைநிலைச் சிப்பாயை அங்கே தேடியதே பிசகு.

பிறகுதான் பதக்கத்தின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எண், 'சாப்பர்' (படையின் பொறியியல் பிரிவுச் சிப்பாய்) என்ற பதவி, பெயர், படைப்பிரிவு என வரிசையாகப் பொறித்திருந்தது. படைப்பிரிவு, விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய 2ஆம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. நம் 'சாமி'யை ஒரு குமாஸ்தா 'சுவாமி' என்பார், இன்னொருவர் 'சாவ்மி' என்பார். பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டேன். வந்துவிட்டார்! இறந்தது 1917, பஸ்ரா நினைவுச்சின்னம். கீழே ஒரே வரி: இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு. ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் வாய்விட்டுப் படித்ததும் பிடிபட்டது.

கல்லறை கிடையாது. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) கல்லறை தெரியாமல் இறந்த 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. அதிலும் இந்தியப் படையில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்குள் போனார்கள். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. விளிம்பிலாவது பெயரைப் பொறித்தார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இவர் எங்கள் ஆள்தான் என்பதற்கு என்ன உறுதி? அவருடைய அப்பா பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிவில் இருந்த பெயரை அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

"அது எங்கள் அப்பா பெயர் ஆயிற்றே," என்றார்.

"இல்லை அத்தை, இது அவருடைய தாத்தா பெயர்."

"அதைத்தான் சொல்கிறேன். பின்னே, பேரனுக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்?"