யூரோலீக் பிளேஆஃப் நாட்குறிப்பு, 2023

2023 ஏப்ரல் 26, புதன்

ஐரோப்பிய கிளப்புகளின் கூடைப்பந்துப் போட்டியான யூரோலீக்கின் பிளேஆஃபில், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த ஊரிலேயே செர்பியாவின் பார்டிசான் ஜெயித்துவிட்டது. 89-87. வழக்கமான சீசனில் ஆறாம் இடத்தில் வந்த பெல்கிரேடு அணி, மூன்றாம் இடத்தில் வந்த அணியை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது. ஐந்தில் மூன்று ஆட்டம் ஜெயித்தால் லிதுவேனியாவின் கௌனாஸில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோருக்குப் போகலாம்.

அமெரிக்க லீக்கான என்பிஏ பார்த்துப் பழகிய கண்ணுக்கு யூரோலீக் முதலில் இடநெருக்கடியாகத் தெரியும். அங்கே 48 நிமிடம், இங்கே 40. மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர், இங்கே 6.75. அதோடு, யாரையும் மறிக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று தடுப்பவர்களுக்கு என்பிஏ போடும் கட்டுப்பாடு இங்கே கிடையாது. மாட்ரிட்டின் எடி தவாரெஸ் 2.20 மீட்டர் உயரம். அவர் பாட்டுக்கு அங்கேயே நிற்கலாம், நிற்கிறார். தனி ஆளாகப் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்து புள்ளி எடுப்பது லேசில் நடக்காது. அதனால்தான் இத்தனை பாஸ், தடுப்பவரின் வழியில் குறுக்கே நின்று கூட்டாளிக்கு இடம் பிடித்துத் தரும் இத்தனை ஸ்கிரீன்.

இன்னொன்று. வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை இங்கே யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். பந்து விளிம்பில் உருண்டுகொண்டிருக்கும், விழுமா விழாதா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம், அதற்குள் ஒரு நீளக் கை வந்து வழித்தெறிந்துவிடும். என்பிஏவில் அது கோல்டெண்டிங் என்ற விதிமீறல். எனக்கு இந்த விதிதான் பிடித்திருக்கிறது. பந்து உள்ளே இறங்கும்வரை யாரும் ஓய முடியாது.

2023 ஏப்ரல் 28, வெள்ளி

இதை எழுதவே மனம் வரவில்லை. இரண்டாம் ஆட்டத்தையும் பார்டிசான் கையில் வைத்திருந்தது, 95-80. இரண்டு நிமிடம்கூட மிச்சம் இல்லை. மாட்ரிட்டின் செர்ஜியோ லுல் செய்த ஒரு ஃபௌலில் தள்ளுமுள்ளு தொடங்கி, இரண்டு பெஞ்சும் களத்துக்குள் இறங்கிவிட்டன. மாட்ரிட்டின் யாபுசெலே, பார்டிசானின் டான்டே எக்ஸமைத் தூக்கித் தரையில் அடித்தார். ஆட்டம் அதோடு முடிந்தது.

2023 ஏப்ரல் 30, ஞாயிறு

யாபுசெலேவுக்கு 5 ஆட்டத் தடை. பார்டிசானின் கெவின் பண்டருக்கு 2. பண்டர் இல்லாமல் பார்டிசானின் தாக்குதல் பாதியாகிவிடும். மாட்ரிட்டுக்கு அடுத்தது வாழ்வா சாவா ஆட்டம் என்றாலும், கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆட்டம் இல்லாத நாள் என்பதால் முதல் ஆட்டத்தின் டைம்அவுட்களை, அதாவது ஆட்டத்தை நிறுத்திக் கோச் வீரர்களோடு பேசும் இடைவேளைகளை, மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். யூரோலீக் ஒளிபரப்பில் இது ஒரு பெரிய வரம்: கேமராவும் மைக்கும் வீரர்கள் கூடி நிற்கும் வட்டத்துக்குள்ளேயே போய்விடும். இங்கே டைம்அவுட் கேட்கும் உரிமை கோச்சுக்கு மட்டும்தான், அதுவும் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. பார்டிசானின் கோச் ஜெல்கோ ஒப்ராடோவிச் அந்த ஒரு நிமிடத்தை வீணாக்குவதே இல்லை. முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும், கழுத்து நரம்பு புடைக்கும், நட்சத்திர வீரரென்றும் பாராமல் வாங்கு வாங்கென்று வாங்குவார். அடுத்த நொடியே பலகையில் நிதானமாகக் கோடு போட்டு, யார் எங்கே ஓட வேண்டும் என்று காட்டுவார். கோச்சாக 9 முறை இந்தக் கோப்பையை வென்றவர். முதல் கோப்பை 1992-ல், இதே பார்டிசானோடு. அந்த இறுதி ஆட்டத்தில் கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி போட்டு ஜெயிக்க வைத்தவர் ஜோர்ஜெவிச். யுகோஸ்லாவியப் போர் காரணமாக அந்த சீசனில் பார்டிசான் தன் சொந்த ஊர் ஆட்டங்களை ஸ்பெயினின் ஃபுயென்லப்ராடாவில் ஆடியது. மாட்ரிட்டுக்குப் பக்கத்து ஊர் அது!

2023 மே 3, புதன்

மாட்ரிட் 82, பார்டிசான் 80. தொடர் உயிரோடு இருக்கிறது.

ஸ்டார்க் அரீனாவில் 18 ஆயிரத்துக்கும் மேல் இருக்கைகள். உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பந்து எதிரணி கைக்குப் போனதும் ஒரு விசில் கிளம்பும் பாருங்கள், தொலைக்காட்சி வழியாகவே காது அடைத்துக்கொள்ளும். பாட்டுப் போட்டு, திரையில் எழுத்துக் காட்டிக் கைதட்ட வைக்கும் வேலையே இல்லை. பாட்டு, தாளம், எல்லாம் அவர்களே. ஆனால் என்னை உலுக்கியது ஆட்டத்துக்கு முன்னால் நடந்தது. போன வாரம் அத்தனை அடிதடி நடந்த பிறகு, பயிற்சிக்குக் களமிறங்கிய மாட்ரிட் வீரர்களை அந்தக் கூட்டம் கைதட்டி வரவேற்றது. இப்படி ஒரு ரசிகர் கூட்டம் எந்த அணிக்குக் கிடைத்தாலும் பாக்கியம்தான்.

2023 மே 5, வெள்ளி

பெல்கிரேடில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு. பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவே நேற்று நான்காம் ஆட்டம். மாட்ரிட் 85-78. தொடர் இரண்டுக்கு இரண்டு. ஆட்டத்தைப் பற்றி இன்று எழுதத் தோன்றவில்லை.

2023 மே 11, வியாழன்

98-94. முதல் இரண்டையும் சொந்த ஊரிலேயே தோற்ற மாட்ரிட், அடுத்த மூன்றையும் ஜெயித்துவிட்டது. நேற்று ஒரு கட்டத்தில் 18 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

மாட்ரிட்டைத் தூக்கி நிறுத்தியது இரண்டு விஷயம். ஒன்று, கோச் சூஸ் மாத்தேயோ கையிலெடுத்த ஜோன் டிஃபென்ஸ். ஆளுக்கு ஆள் மறிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்தார்கள். உள்ளே தவாரெஸ் மரம் மாதிரி நிற்க, அதுவரை சரளமாக ஓடிய பார்டிசானின் பந்து வெளியிலேயே சுற்ற ஆரம்பித்தது. இரண்டு, பெரியவர்கள். செர்ஜியோ ரோட்ரிகஸ் 36 வயது, லுல் 35, ரூடி ஃபெர்னாண்டஸ் 38. ரோட்ரிகஸ், கூட்டாளி ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் ஆடும்போது அவர் கண்ணை மட்டும் கவனியுங்கள். மூலையில் நிற்பவரைப் பார்ப்பார், அந்தப் பக்கம் தடுப்பவர் ஒரு அடி சாய்வார், பந்து அதற்குள் உள்ளே ஓடுபவர் கையில் இருக்கும். வேகத்தில் இவரைவிட இளையவர்கள் எல்லோரும் முன்னால்தான். ஆனால் 40 நிமிட ஆட்டத்தில் எந்தப் பந்தை எப்போது விட வேண்டும் என்ற கணக்கு இவரிடம் இருக்கிறது.

இத்தனைக்கும் இவர்கள் யூரோலீக் மட்டும் ஆடுகிறவர்கள் இல்லை. வார நடுவில் ஐரோப்பா, வார இறுதியில் ஸ்பெயின் லீக். அந்த லீக்கின் 18 அணிகளில் கடைசி இரண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அதனால் சீசன் முடிகிற வேளையிலும் தோற்றால் பரவாயில்லை என்று ஆடும் அணியே கிடையாது. என்பிஏவில் நான் ஏங்குவது இதற்குத்தான்.

2023 மே 20, சனி

கௌனாஸ். கூடைப்பந்தைத் தெய்வமாகக் கொண்டாடும் ஊர். சொந்த அணியான ஜல்கிரிஸ் பார்சிலோனாவிடம் தோற்று வெளியேறியதால் இங்கே வெறும் விருந்தோம்பல்தான் அதற்கு மிச்சம்.

முதல் அரையிறுதியில் மொனாகோ முதல் பாதியில் முன்னிலை. மூன்றாம் கால்பகுதியில் கிரேக்க அணியான ஒலிம்பியாகோஸ் 27, மொனாகோ 2. ஆமாம், பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கூடை அளவு புள்ளி. மொனாகோ மோசமாக எறிந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. பந்து வைத்திருப்பவர் நிமிரும்போதெல்லாம் எதிரே ஒரு கை, பாஸ் போகும் வழியில் இன்னொரு கை. 76-62. இன்னொன்றில் மாட்ரிட், பார்சிலோனாவை 78-66 என்று வென்றது.

2023 மே 22, திங்கள்

மாட்ரிட் 79, ஒலிம்பியாகோஸ் 78. மாட்ரிட்டுக்கு 11-வது கோப்பை.

சாஷா வெசென்கோவ் 29 புள்ளி. இந்த சீசனின் சிறந்த வீரர் அவர்தான், நேற்றும் களத்தில் அவர்தான் பெரியவர். மாட்ரிட் தரப்பில் லுல் கடைசிவரை ஒரு கூடைகூடப் போடவில்லை. ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது பந்து அவரிடம்தான் போனது. எதிரே 2.18 மீட்டர் முஸ்தஃபா ஃபால். லுல் வலப்பக்கம் நகர்ந்து, எழும்பி, அந்தக் கைக்கு மேலாக வானத்தைப் பார்த்து எறிந்தார். மூன்று விநாடி மிச்சம் இருக்கும்போது பந்து வலைக்குள். அன்று அவர் எடுத்தது அந்த 2 புள்ளி மட்டுமே.

அதுவரை எதுவும் போடாத ஒருவரிடம் பந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுத்தது சரிதான் என்பேன். பல வருடமாக இந்த மாதிரி நேரத்தில் எறிந்தவர். முன்பு தவறவிட்ட எறிகள் எதுவும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. ஒலிம்பியாகோஸின் ஸ்லூகாஸ் எறிந்த கடைசி எறி உள்ளே போயிருந்தால் கோப்பை அவர்கள் ஊரான பிரேயஸுக்கு. போகவில்லை. ஒலிம்பியாகோஸுக்காக மனம் அடித்துக்கொண்டது. வழக்கமான சீசனை முதலிடத்தில் முடித்த அணி அது.

ஸ்பெயின் லீக்கின் பிளேஆஃப் பாக்கி இருக்கிறது. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மறுபடி மோதினால் ஒரு ஆட்டத்தையும் நான் பார்க்காமல் விடுவதாக இல்லை.