கமிட்டி கணக்கும் டேங்கர் கணக்கும்

2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு கோவிட் வேலைகளுக்காக 11 அதிகாரக் குழுக்களை அமைத்தபோது, எங்கள் அலுவலகத்தில் முதலில் எழுந்த கேள்வி "இனிமே ரிப்போர்ட்டை யாருக்கு சார் அனுப்பணும்?" என்பதுதான். சென்னையில், மாவட்டங்களிலிருந்து கோவிட் எண்களை வாங்கி, ஒட்டி, மேலே அனுப்புகிற வேலை என்னுடையது. மேலே என்றால் ஓரிடம் இல்லை. கேபினட் செயலாளர் தலைமைச் செயலாளர்களோடு நடத்தும் வி.சி.க்கு (வீடியோ கூட்டம்) ஒரு ஃபார்மட், சுகாதார அமைச்சகத்துக்கு ஒன்று, பரிசோதனைக்கூடங்கள் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) போர்ட்டலில் நேரடியாக ஏற்றுவது இன்னொன்று.

ஊரடங்கு உத்தரவு ஏன் டாக்டர்களிடமிருந்து வராமல் உள்துறையிலிருந்து வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். பொது சுகாதாரம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொற்று மாநிலம் விட்டு மாநிலம் பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலில். கையிலிருந்த தொற்றுநோய்ச் சட்டமோ 1897இல் வந்தது. அதனால் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பிடித்தார்கள். அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய செயற்குழுவுக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகிய ஏற்பாட்டில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

எண்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. போர்ட்டலில் ஒரு ஆள் பரிசோதனைக்கூடத்தின் ஊரில் விழுவார், எங்கள் பட்டியலில் வீட்டு முகவரியில் விழுவார், வேலூரில் சோதனை செய்துகொண்ட ஆந்திராவின் சித்தூர்க்காரரை யார் கணக்கில் வைப்பது என்று சாயங்காலம் முழுக்க ஃபோனில் பேசியிருக்கிறோம். சரி, அது எரிச்சல்தான், யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

2021 ஏப்ரல் வேறு மாதிரி. ஆக்சிஜனை எந்த ஆலையிலிருந்து எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டெல்லியிலேயே பங்கு போட ஆரம்பித்தார்கள். இது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரும்பு ஆலைகள் இருக்கிற ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் ஆக்சிஜன் கிடைக்கிறது, நோயாளிகள் டெல்லியிலும் மும்பையிலும் கிடக்கிறார்கள், நடுவில் யாராவது உட்கார்ந்து பிரிக்காவிட்டால் வழியில் இருக்கும் மாநிலம் டேங்கரை மடக்கிக்கொள்ளும்; மடக்கவும் செய்தார்கள். சிக்கல் பங்கு போட்ட சூத்திரத்தில். நூறு பேரில் 80 பேருக்கு லேசான நோய், ஆக்சிஜன் வேண்டாம்; 17 பேருக்கு மிதமானது, அவர்களில் பாதிப் பேருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர்; மீதி 3 பேர் ஐ.சி.யூ., ஆளுக்கு 24 லிட்டர். காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் இது கட்டிலில் படுத்தவர்களுக்கான கணக்கு. பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணி உலை வைத்தால் வாசலில் ஆம்புலன்ஸில் காத்திருப்பவருக்குச் சோறு ஏது? டெல்லியின் ஆக்சிஜன் பற்றாக்குறை வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த சூத்திரத்தை மாற்றச் சொன்னது.

தமிழ்நாட்டுக்கு அந்தத் திட்டத்தில் விழுந்தது நாளுக்கு 220 டன். அந்த வாரமே இங்கே 310 டன் செலவாகிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஸ்ரீபெரும்புதூரில் தயாராவதில் ஒரு பகுதி ஆந்திரா, தெலங்கானாவுக்கு. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார், மே மாதம் ஆட்சி மாறிய சமயத்தில் ஒதுக்கீடு 419 டன் ஆனது. வஞ்சனை என்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் கொடுத்த எண், கேட்ட நாளில் சரி, டேங்கர் வந்து சேரும் நாளில் பழசு.

ஒதுக்கீடு வந்தால் ஆக்சிஜன் வந்துவிட்டது என்று நினைத்த பெரிய அதிகாரிகளும் இருந்தார்கள். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் சாமான், அதற்கென்று செய்த டேங்கரில்தான் ஏற்ற முடியும், நாட்டில் அவை எண்ணிக்கையில் குறைவு. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து, அதனால் விமானப்படை காலி டேங்கர்களை ஆலை இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய் இறக்கியது, நிரப்பியதை ரயில் கொண்டுவந்தது. துர்காபூரிலிருந்து தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் மே 14 அன்று தண்டையார்பேட்டைக்கு வந்தது. இரண்டாம் அலை இங்கே உச்சம் தொட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து, மே 21, ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேல் தொற்று.

மே 6இல் உச்ச நீதிமன்றம் ஆக்சிஜன் பங்கீட்டைப் பார்க்க 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது. வேலூர் சி.எம்.சி.யிலிருந்தே இரண்டு பேர் அதில். வார்டு பார்த்த டாக்டர்கள் மேசைக்கு வந்ததும் கேள்விகள் மாறின: எவ்வளவு வேண்டும் என்பதோடு, எவ்வளவு வீணாகிறது என்றும் கேட்டார்கள். நோயாளி சாப்பிட எழுந்தால்கூட ஆக்சிஜன் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் திருகி மூட ஒரு நர்ஸை வைத்தாலே மிச்சம் தெரிந்தது.

என் அளவில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கேட்டால் டேங்க் கொள்ளளவைச் சொல்வார்கள், சில பேர் நேற்றைய செலவைச் சொல்வார்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு ஸ்டோர் பார்ப்பவரிடமே நேராக, "அண்ணே, இப்ப இருக்கிறது எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேட்க ஆரம்பித்தோம். அவருக்கு அது மனப்பாடம். மேலே போகும் ஃபார்மட்டில் அதற்கு இடமில்லை, அதனால் 'குறிப்பு' என்றிருந்த கடைசிக் கட்டத்தில் போட்டு அனுப்பினோம். சில நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி ஃபோன்: "அந்தக் குறிப்பு கட்டத்தை எல்லா மாவட்டத்துக்கும் நிரப்பி, காலை வி.சி.க்கு முன்னாடி தர முடியுமா?"