ஒன்பதாம் பிரிவில் ஒரு வினைச்சொல்

பாடசாலை மலர்க்குழு எழுதக் கேட்டது எங்கள் சரித்திர மாஸ்ரரைப் பற்றி. அவரைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதினால் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பார். "ஆளை விடு, விஷயத்தை எழுது" என்பது அவர் வாய்ப்பாடு. ஆகவே விஷயத்தையே எழுதுகிறேன். யப்பானும் ரஷ்யாவும் 4 தீவுகளை நடுவில் வைத்துக்கொண்டு இன்னும் எழுதி முடிக்காத சமாதான உடன்படிக்கைதான் அது. உயர்தர வகுப்பில் ஒரு தவணையின் பாதியை அவர் அதற்கே கொடுத்தார்.

உடன்படிக்கை வாசிப்பதற்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் எந்தத் தீவு என்று பார். அடுத்து வினைச்சொல்லைப் பார்: கொடுக்கிறதா, கைவிடுகிறதா, ஒப்புக்கொள்கிறதா? பிறகு, யாருக்கு? கடைசியில், எப்போது? இந்த நாலில் எது எழுதப்படவில்லையோ அங்கேதான் 50 வருடம் கழித்துச் சண்டை முளைக்கும் என்பார். இந்த வழக்கில் நாலு இடத்திலும் முளைத்திருக்கிறது.

தேசப்படத்தில் ஹொக்கைடோவின் வடகிழக்கு மூலையிலிருந்து கம்சட்காவின் நுனி வரை கோத்துவிட்ட மணிகள்போல் கிடப்பவை குரில் தீவுகள். சர்ச்சை தெற்குக் கோடியில். எட்டோரோபு ஏறத்தாழ 3,170 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் 3 மடங்கு. குனாஷிரி 1,490, ஷிகோட்டான் 250, ஹபொமாய் என்ற சிறுதீவுக் கூட்டம் 100க்குச் சற்றுக் குறைவு. "நாலில் இரண்டு" என்று சொன்னால் சரிபாதிபோல் கேட்கும். ஆனால் பேரத்தில் எப்போதும் வரும் அந்த இரண்டு, ஷிகோட்டானும் ஹபொமாயும், மொத்தப் பரப்பில் 7 வீதந்தான். ரஷ்யா கையை இறுக்கி வைத்திருக்கும் பெரிய இரண்டுக்கும் நடுவில் ஆழமான கடல்வழி ஓடுகிறது. ஒகோட்ஸ்க் கடலிலிருந்து நீர்மூழ்கிகள் பசிபிக்குக்கு வருவதற்கு அது வேண்டும். கடற்படைக்காரரிடம் கேட்டால் தீவைவிட அந்த வாய்க்கால்தான் விலை என்பார்கள்.

எல்லையை முதலில் எழுதியது 1855 பெப்ரவரி 7ஆம் திகதி, ஷிமோடாவில். ரஷ்யத் தூதர் புத்யாத்தின் பேச்சுவார்த்தைக்கு வந்த 'டயானா' என்ற கப்பலை 1854 டிசம்பரில் நிலநடுக்கத்தோடு வந்த கடல்கோள் துறைமுகத்திலேயே சுழற்றி அடித்து உடைத்தது. திருத்துவதற்கு இழுத்துச் செல்லும் வழியில் அது மூழ்கியே போனது. பேச்சு நிற்கவில்லை. ஹெடா என்ற கரையோரக் கிராமத்தில் யப்பானியத் தச்சர்கள் ரஷ்ய மாலுமிகளோடு சேர்ந்து புதுக்கப்பல் கட்ட, எல்லை எட்டோரோபுக்கும் அதற்கு வடக்கேயுள்ள உருப் தீவுக்கும் நடுவில் என்று கைச்சாத்தானது. இரு தரப்புக்கும் பொதுமொழி இல்லாததால் வேலை நடந்தது டச்சு மொழியில். 1875இல் ஹொக்கைடோவுக்கு வடக்கேயுள்ள சக்கலின் தீவை விட்டுக்கொடுத்த யப்பான், பதிலுக்குக் குரில் சங்கிலியை வாங்கியது. அந்த உடன்படிக்கை வடகோடி ஷும்ஷு தொடங்கி உருப் வரை 18 தீவுகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. எட்டோரோபுவும் குனாஷிரியும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அவை ஏற்கனவே யப்பானுடையவை. "குரில் என்றால் இந்த 18தான், மற்ற நாலும் குரிலே அல்ல" என்று யப்பான் பிற்காலத்தில் வாதாடுவதற்கு அடி இங்கே இருக்கிறது.

1945 பெப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட்டும் சேர்ச்சிலும் "குரில் தீவுகள்" சோவியத்துக்குக் கையளிக்கப்படும் என்று ஸ்ராலினுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எவை குரில் என்று அந்தத் தாளில் இல்லை. ஓகஸ்ட் 18 ஷும்ஷுவில் இறங்கிய சோவியத் படை, செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ஹபொமாய் வரை பிடித்துவிட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 17,000 யப்பானியர் அடுத்த சில வருடங்களில் வெளியேற்றப்பட்டார்கள்.

அடுத்தது 1951 செப்டம்பர், போரை முடிக்க யப்பானோடு சான் பிரான்சிஸ்கோவில் எழுதிய சமாதான உடன்படிக்கை. இரண்டாம் பிரிவின் (இ) உபபிரிவில் வினைச்சொல் "கைவிடுகிறது". குரில் தீவுகள் மீதான உரிமை முழுவதையும் யப்பான் கைவிடுகிறது. யாருக்கு? எழுதவில்லை. மறதியாக அல்ல, குளிர்ப்போர் தொடங்கிவிட்ட நிலையில் சோவியத்தின் பெயரை எழுத அமெரிக்காவுக்கு விருப்பமில்லை. சோவியத் கைச்சாத்திடவும் இல்லை. இந்த மாநாட்டில் இலங்கையின் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தன பேசியதில் எல்லோருக்கும் நினைவிருப்பது, வெறுப்பு வெறுப்பால் தணியாது என்ற புத்தர் வாக்கும், இலங்கை நட்டஈடு கேட்காது என்ற அறிவிப்பும். மாஸ்ரர் கோடு போட்ட இடம் வேறு: அப்போது அமெரிக்கா வசமிருந்த ரியூக்யூ, பொனின் தீவுகளை யப்பானுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சோவியத், தென் சக்கலினையும் (1905இல் யப்பான் பெற்று 1945இல் இழந்தது) குரிலையும் ஏன் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஜெயவர்த்தன அதே பேச்சில் கேட்டிருக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பிய கையோடு யப்பான் தன் காலிலேயே கோடரி போட்டது. 1951 ஒக்டோபர் 19 அன்று பாராளுமன்றத்தில், கைவிட்ட குரிலில் தெற்குக் குரிலும் அடங்குமா என்ற கேள்விக்கு, வெளிநாட்டமைச்சின் உடன்படிக்கைப் பிரிவுத் தலைவர் நிஷிமுரா "அடங்கும்" என்று பதில் சொன்னார். 1956 பெப்ரவரியில் அரசாங்கம் அந்தப் பதிலை மாற்றியது. பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் தன் பக்கத்துப் பழைய பதில்களைத் தேடிப்பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மறுதரப்பு கட்டாயம் தேடிப்பார்க்கும்.

நேரடிப் பேச்சு 1955 ஜூனில் லண்டனில் தொடங்கியது. யப்பானுக்கு மட்சுமோட்டோ, சோவியத்துக்கு மாலிக். ஓகஸ்டில் மாலிக் ஹபொமாயையும் ஷிகோட்டானையும் தரலாம் என்று சொல்லிவிட்டார். கடைசித் துரும்பை இரண்டாம் பிடியிலேயே இறக்கியது போலத்தான். இவ்வளவு சுருக்காக இறங்குகிறவன் இன்னும் இறங்குவான் என்று தோக்கியோ கணக்குப் போட்டது. எட்டோரோபுவும் குனாஷிரியும் வேண்டும், மிச்சக் குரிலையும் தென் சக்கலினையும் சர்வதேச மாநாடு தீர்க்கட்டும் என்று புதுக் கட்டளை போனது. மாலிக் அதற்கு மேல் அசையவில்லை. தோக்கியோவில் இரண்டு கட்சிகள் ஒன்றாகி லிபரல் ஜனநாயகக் கட்சி பிறந்த காலம் அது. இரண்டோடு திரும்பி வருகிறவரை உட்கட்சி எதிராளிகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

1956 மார்ச்சில் லண்டன் பேச்சு முறிந்த உடனேயே மொஸ்கோ வடமேற்குப் பசிபிக்கில் சோவியத் பிரதமரின் பெயரால் 'புல்கானின் கோடு' என்று ஒன்றைக் கீறி, அதற்குள் சமன் மீன் பிடிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்று அறிவித்தது. வலை போடும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. விவசாய அமைச்சர் கோனோ மொஸ்கோவுக்கு ஓடினார். மே 14இல் மீன்பிடி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று, ஒரு பூட்டோடு: இராஜதந்திர உறவு மீண்டால் அல்லது சமாதான உடன்படிக்கை வந்தால் மாத்திரமே அது நடைமுறைக்கு வரும். தீவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மாதக் கணக்கில் நேரம் இருக்கும். மீனுக்குப் பருவம் இருக்கிறது. நெருக்கடி எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பல தடவை மீன்தான் முடிவுசெய்திருக்கிறது.

ஜூலையில் மொஸ்கோ போன வெளிநாட்டமைச்சர் ஷிகெமிட்சு, இரண்டு தீவோடு முடிக்கலாம் என்று மனம் மாறினார். தோக்கியோ மறுத்தது. ஓகஸ்ட் 19 அன்று லண்டனில் அமெரிக்க வெளிநாட்டமைச்சர் டலஸ் அவரிடம், குரிலை சோவியத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால் ஒக்கினாவா அடங்கிய ரியூக்யூவை நாங்களும் கேட்கலாம் என்றார். சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது: வேறு நாட்டுக்குக் கூடுதல் சலுகை கொடுத்தால் கைச்சாத்திட்டவர்களுக்கும் அதே சலுகை.

அதன் பிறகு பிரதமர் ஹத்தோயாமா வேறு வழி எடுத்தார். தீவுகளை ஒதுக்கிவைத்து, 5 விஷயங்களை முதலில் முடிப்பது: போர்நிலை நீங்குதல், தூதரகங்கள், சோவியத்தில் இருந்த யப்பானியப் போர்க்கைதிகள் திரும்புதல், மீன்பிடி உடன்படிக்கை, ஐ.நா. அங்கத்துவத்துக்கு சோவியத் ஆதரவு. ஆனால் தீவுப் பேச்சு செத்துவிடக்கூடாது. அதற்காக செப்டம்பர் 29இல் மட்சுமோட்டோவும் சோவியத்தின் குரோமிக்கோவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். "நிலப்பரப்புப் பிரச்சினையும் உட்பட" சமாதான உடன்படிக்கைப் பேச்சு தொடரும் என்று கடிதத்தில் இருந்தது. ஒக்டோபரில் மொஸ்கோவில் கூட்டுப் பிரகடனம் வரையும்போது சோவியத் தலைவர் குருஷ்சேவ் அந்தச் சொற்களை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். யப்பான் கடிதங்களைப் பகிரங்கமாக வெளியிட்டு, பிரகடனத்தை அதோடு சேர்த்து வாசியுங்கள் என்றது. பிரதான தாளில் இடம் கிடைக்காத சொல்லுக்குக் கூடக் கடிதம் ஒரு திண்ணை.

1956 ஒக்டோபர் 19 பிரகடனத்தின் 9ஆம் பிரிவு இதுதான்: யப்பானின் விருப்பத்துக்கு இணங்கியும் அதன் நலனைக் கருதியும் ஹபொமாயையும் ஷிகோட்டானையும் யப்பானுக்குக் கையளிக்க சோவியத் உடன்படுகிறது, ஆனால் உண்மையான கையளிப்பு சமாதான உடன்படிக்கை முடிந்த பிறகு. பெயர் இருக்கிறது. யாருக்கு என்பதும் இருக்கிறது. வினை "கையளித்தல்", "திருப்பிக் கொடுத்தல்" அல்ல. திருப்பிக் கொடுப்பதென்றால் முதலில் உன்னுடையது என்று ஆகிவிடும். 2018இல் கூடப் புட்டின், எந்த நிபந்தனையில், யாருடைய இறைமையின்கீழ் என்று அதில் எழுதவில்லையே என்று கேட்டார். "எப்போது" என்பது இன்னொரு தாளில் தொங்குகிறது, அந்தத் தாள் எழுதப்படவில்லை.

பெயர் பிரகடனமாக இருந்தாலும் இரு நாட்டுச் சட்டமன்றமும் ஏற்று, டிசம்பர் 12இல் உறுதிப்பத்திரம் மாற்றிய சாசனம் அது. உடன்படிக்கைக்குரிய பலம் அதற்கு உண்டு. ஆறு நாளில் யப்பான் ஐ.நா.வில். ஆனால் எனக்குப் பெரிய பிழையாகப் படுவது அந்த ஒழுங்குதான். சமாதான உடன்படிக்கை தரவேண்டிய தூதரகம், கைதி, மீன், ஐ.நா. எல்லாம் முன்கூட்டியே கிடைத்துவிட்டன. மிஞ்சியது தீவு மட்டும். அந்தத் தாளில் கைச்சாத்திட்டால் ரஷ்யாவுக்கு நட்டம், யப்பானுக்கு நாலில் இரண்டுதான் என்ற ஏமாற்றம். இருவருக்கும் அவசரமில்லை. மாஸ்ரர் மட்டும் இதற்கு உடன்படமாட்டார். சைபீரியாவில் கைதிகள் இன்னொரு மாரியைக் கழிக்க வேண்டியிருந்தது, ஹத்தோயாமாவுக்கு வேறு வழி இல்லை என்பார்.

1960 ஜனவரி 19 அமெரிக்க-யப்பான் பாதுகாப்பு உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது. 27ஆம் திகதியே, அந்நியப் படை யப்பானை விட்டுப் போனால்தான் அந்த இரண்டும் என்று குரோமிக்கோ புது நிபந்தனை சேர்த்தார். 1973இல் யப்பான் பிரதமர் தனாக்காவும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் வெளியிட்ட அறிக்கையில் "தீராத பிரச்சினைகள்" என்று பன்மையில் ஒரு சொல். தீவுகளும் அதில் அடக்கமா என்று தனாக்கா வாயால் கேட்டதற்கு பிரெஷ்னேவ் ஆம் என்றார் என்பது யப்பான் கூற்று, சோவியத் ஏற்கவில்லை. 1991இல் கோர்பச்சேவும் பிரதமர் கைஃபுவும் வெளியிட்ட கூட்டறிக்கைதான் 4 தீவுகளின் பெயரையும் முதலில் எழுதியது, 1993 தோக்கியோ பிரகடனமும் எழுதியது. 1998இல் பிரதமர் ஹஷிமொட்டோ, எல்லையை எட்டோரோபுக்கு வடக்கே கீறுவோம், நிர்வாகத்தை இப்போதைக்கு நீங்களே வைத்திருங்கள் என்று ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினிடம் சொல்லிப் பார்த்தார். 2018 நவம்பரில் பிரதமர் அபேயும் புட்டினும் 1956க்கே திரும்பினார்கள். 2020இல் ரஷ்யா நிலத்தை விட்டுக்கொடுக்கத் தடையை அரசியலமைப்பில் எழுதி, எல்லை நிர்ணயத்துக்கு மட்டும் ஒரு கதவை விட்டது. 2022 மார்ச்சில் பேச்சையே நிறுத்தியது.

நடுவில் 2017இல் கூட்டுப் பொருளாதார முயற்சி என்று கடல் முள்ளெலி வளர்ப்பு, கண்ணாடிக்கூட்டு மரக்கறி, உல்லாசப் பயணம், காற்றாலை, குப்பை குறைத்தல் என 5 திட்டம் தெரிந்தார்கள். எல்லாம் ஒரே கேள்வியில் தட்டி நின்றன: எந்த நாட்டுச் சட்டம்? முள்ளெலித் தொட்டிக்கு யார் அனுமதிப் பத்திரம் கொடுப்பது, வரி யாருக்கு, வேலையாள் விழுந்து காலை முறித்தால் எந்த நீதிமன்றம்? எந்தப் பதிலும் இறைமைக்கு ஒரு பதிலாகிவிடும்.

ஓடிய வண்டி சின்னது. ஹொக்கைடோவின் நொசாப்பு முனையிலிருந்து 3.7 கிலோமீற்றரில் கைகாரா என்ற ஹபொமாய்த் தீவு. முனையில் நின்றால் அதன் வெளிச்சவீடு வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதைச் சுற்றிய கடலில் கொம்பு என்ற சாதாழை விளைகிறது. 1963இல் அதை அள்ள ஓர் ஒப்பந்தம் வந்தது. யப்பான் பக்கம் கைச்சாத்திட்டது அரசாங்கம் அல்ல, மீன்பிடிச் சங்கம். அரசாங்கம் கைச்சாத்திட்டால் யாருடைய கடல் என்று எழுத வேண்டும். சங்கம் காசைக் கட்டிவிட்டுத் தொழிலைப் பார்க்கும். 1992 முதல் நடந்த தீவுப் பயணங்களுக்கும் கடவுச்சீட்டும் விசாவும் இல்லை, அடையாளப் பத்திரமும் ஒரு இணைப்புத் தாளுந்தான். விசா எடுத்தால் அந்நிய நாட்டுக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டதாகும்.

இந்த இடத்துக்கு வந்ததும் மாஸ்ரர் தேசப்படத்தை மாற்றி மாட்டுவார், பாக்கு நீரிணை. 1974 கச்சதீவு உடன்படிக்கையின் 5ஆம் பிரிவிலும் இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயணப் பத்திரமோ விசாவோ இல்லாமல் முன்போல் வந்து போகலாம் என்று இருக்கிறது. வரலாம், மீன் பிடிக்கலாமா? வினைச்சொல் இல்லை. 1976 மார்ச்சில் இரண்டு வெளிநாட்டுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதம், ஒருவர் கடலில் மற்றவர் பிடிக்கக்கூடாது என்றது. அங்கும் கடிதம், அங்கும் மீன்.

தவணைப் பரீட்சையில் அவர் போட்ட கேள்வி: "9ஆம் பிரிவை நாலு கேள்விக்கும் பதில் வரும்படி ஒரே வசனத்தில் திருத்தி எழுதுக. 20 புள்ளிகள்." மூடுமந்திரமாக எழுதியவர்களுக்கு 8க்கு மேல் இல்லை. தீவு, வினை, யாருக்கு, எப்போது என்று பளிச்சென்று எழுதியவர்களுக்கு 15. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு குறிப்பு: "இதிலே இரண்டு பேரில் எவன் கைச்சாத்திடுவான்?"