புல்லும் வேணாம் இன்டர்லொக்கும் வேணாம், எங்கட வளவு இப்ப இப்படித்தான்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் மணல் வளவு வச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, இஞ்ச பூக்கண்டு வைக்கிறது லேசு, கச்சான் காத்துக்குள்ள அதச் சாகாம வச்சிருக்கிறதுதான் பெரும்பாடு. மழை எண்டா ஐப்பசியில இருந்து தை வரைக்கும் கொட்டித் தள்ளும், மறுகா வைகாசி ஆனி வரக்குள்ள அந்தக் கச்சான் காத்து சுடச்சுட அடிக்கும், விடிய ஊத்தின தண்ணி மணலுக்குள்ள எங்க போனதெண்டே தெரியாது. நானும் வேலைக்குப் போற ஆள், அவரும் அப்படித்தான், பின்னேரம் வந்து ஹோஸப் பிடிச்சிக்கொண்டு நிக்க ரெண்டு பேருக்கும் ஏலாது. அதாலதான் வளவ அடியோட மாத்துவமெண்டு வெளிக்கிட்டம்.

கேட்ட ஆக்களெல்லாம் சொன்னது ரெண்டே ரெண்டு யோசனை. புல்லுப் பதி, இல்லாட்டி இன்டர்லொக் கல்லுப் போடு. அந்த அகல இலை மலேசியன் புல்லு பார்க்க வடிவுதான், ஆனா அதுக்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் வேணும், வெறும் மணல்ல வெயிலுக்குள்ள அதப் பச்சையா வச்சிருக்க மோட்டர் ஓடின மாதிரியே கிடக்கணும். இன்டர்லொக் போட்டாக் கூட்டுறது சுகம், ஓம், ஆனா மத்தியானச் சூடு அப்படியே விறாந்தைக்குள்ள ஏறும், மார்கழி மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்க வழியில்லாம வாசல்ல நிக்கும், கல்லுக்கு இடையில முளைக்கிற புல்லக் குந்தியிருந்து பிடுங்கவும் வேணும். காசையும் குடுத்து வேலையையும் வாங்கிறதா எண்டு விட்டுட்டம்.

முந்தி நம்மட ஊர்ல எல்லா வீட்டு முத்தமும் வெள்ளை மணல்தானே? அதுக்குத் தண்ணி தேவையில்ல, வெட்டத் தேவையில்ல, எவ்வளவு மழை பெஞ்சாலும் கெதியா வத்திரும். அதால முன்பக்கம் மணல மணலாவே விட்டுட்டு கண்டுகளத்தான் இடம் மாத்தினம். தண்ணி கேக்கிறதெல்லாம் கிணத்தடிக்கு, கேக்காததெல்லாம் வேலியோரத்துக்கு. திட்டமெண்டா அவ்வளவுதான்.

கிணத்தடியில வாழை, கறிவேப்பிலை, ஒரு தேசிக்காய் மரம். குளிக்கிற தண்ணி சும்மா ஓடிக்கொண்டிருந்தது, அந்த வாய்க்கால வாழைப் பக்கம் திருப்பி விட்டாச்சு, இனி நாங்க குளிச்சாச் சரி. தொட்டியில வச்சிருந்த அந்தூரியம் எல்லாத்தையும் நிழல் கூடின வளவு வச்சிருக்கிற மச்சாளுக்குக் குடுத்திட்டன், மனமில்லாமத்தான் குடுத்தன், ஆனா ஒவ்வொரு தொட்டிக்கும் நாளாந்தம் தண்ணி ஊத்தி, கீழ வைக்கிற தட்டில தண்ணி தேங்கி, அதுக்குள்ள நுளம்புக் குடம்பி இருக்கா எண்டு பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கிற நேரம் நெஞ்சு பக்கெண்டு, அந்தத் தொல்லை தேவையே இல்ல.

வேலியோரம் போகன்விலா. இது தண்ணிய நிப்பாட்டினாத்தான் பூக்கும், கூட ஊத்தினா இலையா வளர்ந்து தள்ளும், நம்மட கோடைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. எக்ஸோரா (வெட்சி) வைக்கப் போறாக்களுக்கு ஒண்டு, சீமெந்து மதிலுக்கு ஒட்டி வைக்காதீங்க, அது புளிப்பு மண் விரும்புற சாதி, சுண்ணாம்பு பட்டா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், கடற்கரை மணல்ல சிப்பித் துண்டு இருந்தாலும் இதே கதைதான். செவ்வரத்தை ஒண்டு நிக்கிது, அதப்பத்திச் சொல்ல ஒண்டுமில்ல, தன்ட பாட்டுக்கு வளருது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பாப் போனது எல்லாருக்கும் தெரியும், எங்கட கிணறு இப்பவும் கோடை முத்தக்குள்ள கொஞ்சம் உவர்க்கும், அதால உப்புக் காத்துக்கும் உவர்த் தண்ணிக்கும் முகம் சுழிக்காத கண்டாப் பார்த்துத்தான் எடுத்தம்.

வீட்டுக்குள்ள பெரிய வாக்குவாதம் வந்தது மாமரத்துக்குக் கீழதான். சருகக் கூட்டாம அப்படியே விடுவம், மண் ஈரம் காக்கும், எருவாவும் போகும் எண்டு நான் சொல்ல, மாமிக்கு அது சரிவரல்ல. "சருகோட கிடக்கிற வளவக் கண்டா ஆக்கள் என்ன புள்ள சொல்லும், பூரான் அடையும்" எண்டா. அவ சொல்றதிலயும் நியாயம் இருக்கு. கடைசியில பழைய கூரை ஓட்டப் பாதி புதைச்சு மரத்தச் சுத்தி ஒரு வட்டம் கட்டினம், சருகு வட்டத்துக்குள்ள, வெளிய சுத்தமான மணல். நாலு விரல் மொத்தத்துக்குச் சருகு, அடிமரத்த முட்டாம கொஞ்சம் விலத்தி. அதே சருகுதான், ஓடு சுத்தி நிக்கிறதால இப்ப அது குப்பையாத் தெரியல்ல, வேணுமெண்டு செய்த மாதிரி நிக்கிது. மாமியே போன கிழமை வந்த ஆக்களுக்கு அதக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தா! தேங்காய்ப் பொச்சும் போட்டிருக்கு, ஆனா கவுத்துத்தான் போடணும், நிமித்திப் போட்டா மழைக்கு ஒவ்வொண்டும் ஒரு கிண்ணம், ஒரு கிழமை பத்து நாளைக்குள்ள நுளம்பு பறக்கும்.

மாமி ஒரு விசயத்தில மட்டும் மசியல்ல, வீட்டுக் கூரைக்குக் கிட்ட புதுசாப் பெரிய மரம் கூடாது. 1978 கார்த்திகைச் சூறாவளியில தென்னையெல்லாம் முறிஞ்சு விழுந்தத நேர கண்ட ஆள் அவ, அதுக்கு மேல நான் என்னத்தக் கதைக்கிறது. அதால அந்த மூலைக்குத் தேமா (அரலியா எண்டும் சொல்ற பூமரம்) வைப்பமெண்டு யோசிக்கிறம், பெரிசா உயராது, கோடைக்கு இலையக் கொட்டிட்டுச் சும்மா நிக்கும், கொட்டினாலும் பெரிய இலை, கையாலயே பொறுக்கலாம்.

தேமாத் தடி வெட்டினா உடன நடாம பால் காயும் வரைக்கும் ஒரு கிழமை நிழல்ல போட்டு வச்சுத்தான் நடணும், ஈரத்தோட நட்டா அடி அழுகும். புதுசா எது வைச்சாலும் ஐப்பசி முதல் மழையோட வைங்க, தை முடியக்குள்ள வேர் இறங்கிரும், பிறகு கச்சானுக்கு அவ்வளவு கெஞ்சாது. எனக்கு மஞ்சள் பூத் தேமாதான் வேணும், வெள்ளை எல்லா இடமும் கிடக்கு. நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் ஆரிட்டயும் இருந்தாச் சொல்லுங்க, ஒரு முழத் தடி காணும், பதிலுக்குப் போகன்விலாக் கொப்பு வெட்டித் தாறன்.