பத்துக்குப் பத்தில் ஒரு பெட்ரூம்

மும்பையில் பழைய ஃபிளாட்டுகளை விற்பதற்கு முன் சரிபண்ணிக் கொடுப்பது என் தொழில். செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் பக்கம்தான் வேலை அதிகம். வருகிறவர்களில் நிறையப் பேர் தமிழ்க் குடும்பங்கள். ரிட்டயராகி ஊருக்குப் போகிறவர்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் தாராளமாகச் செலவு செய்வார்கள். பெட்ரூம் என்றதும், "அதுக்குப் பெயின்ட் அடிச்சாப் போதும் தம்பி" என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீடு பார்க்க வரும் தம்பதி ஹாலில் புரோக்கர் சொல்வதைக் கேட்கிறார்கள். பெட்ரூமுக்குள் வந்ததும் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறார்கள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, குழந்தை எங்கே படுக்கும் என்ற பேச்சு நடப்பது அங்கேதான்.

பழைய கட்டடங்களில் பெரிய பெட்ரூமே பத்துக்குப் பத்து அடிதான் இருக்கும். ஒரு சுவரில் அலமாரி வைத்தால் இரண்டு அடி போய்விடும். மீதி எட்டு. அதில் ஐந்தடி அகலக் கட்டில் போட்டால் நடக்க மூன்றடி மிஞ்சும். ஆறடிக் கட்டில் என்றால் இரண்டே அடி. அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு ஆள் நிற்க முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட அறைகளில் தள்ளுகதவு அலமாரி செய்யச் சொல்கிறேன். கதவு ஓடும் சேனலுக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் அந்த அறையில் அதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது.

புரோக்கர்கள் சிலர் வேறு யோசனை சொல்வார்கள். நாலடிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டு, மேலே நல்ல விரிப்பு விரித்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பார்கள். தெரியும்தான். ஆனால் அந்தக் கட்டிலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் படுக்க முடியாது. வாங்குகிறவர் தன் வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடக் கடனையும் கொண்டுவருகிறார். சாமான் இறக்கிய அன்றைக்கு அவர் ஏமாந்து நிற்கக் கூடாது. நான் போடுவது ஐந்துக்கு ஆறரை, நிஜ மெத்தையோடு. ரேரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டப்படி சொல்லும் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், வீட்டின் உட்சுவர்களும் சேர்ந்துவிடுகின்றன. அதனால் அறையின் உள் அளவை டேப் பிடித்து அளந்து, தனியாக ஒரு தாளில் எழுதியும் வைக்கிறேன்.

செம்பூரில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி வீடு. பெட்ரூமில் இரும்பு பீரோ இரண்டு, பரண் நிறைய டிரங்குப் பெட்டிகள், வெண்கலப் பாத்திரங்கள். எல்லாவற்றையும் முதலில் ஊருக்கு அனுப்பச் சொன்னேன். பீரோவை நகர்த்தியதும் பின்சுவர் வெளியே தெரிந்தது. முழங்கால் உயரம் வரை பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் வெள்ளை உப்பு மாவாக உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம்.

அந்த இடத்தில் வால்பேப்பர் ஒட்டிவிடலாம் என்றார் புரோக்கர். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஒட்டுனா எவ்வளவு நாள் நிக்கும் தம்பி?" என்றார். அடுத்த மழைக்கு உரிந்துவிடும் என்றேன். "அப்ப வேண்டாம், சுவரைத் திறங்க" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

பாத்ரூம் பக்கம் டைல்ஸைப் பெயர்த்தபோது பழைய இரும்புக் குழாயின் இணைப்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மேல்வீட்டிலிருந்து வரும் கசிவாக இருந்திருந்தால் கட்டடத்து வீட்டுக்காரர்களின் சொசைட்டி, கடிதம், கூட்டம் என்று இழுத்திருக்கும். இது சொந்தக் குழாய், பிளம்பரோடு முடிந்தது. குழாயை மாற்றி, வாட்டர்புரூஃபிங் செய்து, பெட்ரூம் பக்கம் செங்கல் தெரியும்வரை பூச்சைச் சுரண்டி எடுத்தோம். அப்புறம் காத்திருப்புதான். காயாத சுவரில் பட்டி பார்ப்பது காசைக் கரைப்பது. எங்கள் பெயின்டர் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிடுவார். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் பிரஷ்ஷைத் தொடமாட்டார். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, தொடமாட்டார்.

மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தது. பளபளப்பில்லாத எமல்ஷன், பழைய சுவரின் மேடு பள்ளம் தெரியாமலிருக்க. ஆஸ்பத்திரி வார்டு போல வெளுத்து அடித்த 6500 கெல்வின் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் விளக்கு. ஆனால் அறையை மாற்றியது ஜன்னல்தான். மும்பையில் ஜன்னலுக்கு வெளியே பெட்டி கிரில் இருக்குமே, அதில் உடைந்த தொட்டி, பெயின்ட் டப்பா, பழைய கூலரின் உடல் என்று ஒரு குடும்பத்தின் கழிவெல்லாம் சேர்ந்திருந்தது. காலி செய்து கண்ணாடியைத் துடைத்ததும் அறைக்குள் வந்த வெளிச்சத்தை எந்த விளக்கும் தராது. விற்கிற வீட்டில் காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

கணபதி கரைத்த பிறகு வரும் பித்ருபட்சத்தில் இங்கே பலர் வீடு பேசி முடிக்கமாட்டார்கள். நம் ஊர் ஆடி, மார்கழி மாதிரி. அந்த இரண்டு வாரத்தில் பெயின்டை முடித்து, நவராத்திரிக்கு வீட்டைக் காட்டினோம்.

வந்தவர்களில் ஒரு மராட்டிக் குடும்பத்துக்குப் பிடித்துப்போனது. சுவரைப் பற்றி அண்ணாச்சியே தன் இந்தியில் சொன்னார்: எங்கே கசிந்தது, என்ன மாற்றினோம் என்று. பிளம்பர் பில்லையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் நான் காட்டினேன். அந்த அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் கணவர் கட்டிலைச் சுற்றி நடந்தார், அலமாரியைத் தள்ளித் திறந்தார். பிறகு, சுவரைக் காரணம் காட்டி விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். புரோக்கர் முகம் மாறியது. அண்ணாச்சி மனைவியைக் கேட்டுவிட்டுக் குறைத்தார். கட்டிலையும் அப்படியே விட்டுத்தரும்படி கேட்டார்கள். அதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டேன்.